இறங்குதுறை அக்காவின் தம்பி

குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் லோஞ்சுக்காகத் திருகோணமலை இறங்குதுறையில் காத்து நிற்பவர்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டு தேத்தண்ணிக்கடைகள் இருந்தன. ஒன்று கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானாவினுடையது. மற்றது அக்காவினுடையது. புதிதாக வருகிறவர்கள் முதலில் அக்காவின் கடைக்குத்தான் போவார்கள். அங்கேதான் நிழல் இருந்தது. போய் உட்கார்ந்து வடையைக் கையில் எடுத்ததும் அக்கா சொல்லுவார்: "அது நேற்றையான்."

எடுத்தவர் திகைத்துப் போய் வடையைப் பார்ப்பார், அக்காவைப் பார்ப்பார். பிறகு மெதுவாகத் திரும்ப வைத்துவிடுவார். சிலர் கோபித்துக்கொண்டு, பிறகேன் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். நேற்றையான் பரவாயில்லை என்கிறவர்களுக்காக வைத்திருப்பதாக அக்கா விளக்கம் சொல்லுவார். பால் கொஞ்சம் புளித்திருந்தால், பால் விட வேண்டாம், பிளேன் ரீ குடியுங்கோ என்பார். தனக்கு விளம்பரப் பலகையே தேவையில்லை, அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் போதும் என்று நானா சொல்லிச் சிரிப்பார். ஆனால் அடிக்கடி பயணம் செய்கிறவர்கள் எல்லோரும் அக்காவிடம்தான் போனோம். அவர் நல்லது என்று சொன்னால் அது நல்லதாகவே இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஆசிரியையாக முதல் நியமனம் மூதூரில் கிடைத்தது. வீடு அன்புவழிபுரத்தில். திங்கட்கிழமை காலை லோஞ்சில் போய், கிழமை நாட்களில் அங்கே ஒரு வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்புவேன். ஆகவே கிழமைக்கு இரண்டு தடவையாவது அக்காவின் வாங்குப் பலகையில் உட்காருவேன். அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். கறுப்பு, மெலிவு, உடம்புக்குப் பொருந்தாத நீளமான கைகள். பேசும்போது முகத்தை நேரே பார்த்துப் பேசுவார். அவர் பார்வையைத் தாங்க முடியாமல் நாங்கள்தான் கடலைப் பார்ப்போம். அவருக்குக் கலியாணம் ஆகவில்லை. கடைக்குப் பின்னாலேயே ஒரு சின்ன அறையில் இருந்தார். பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரிக்கற் கிழிக்கிற வயதானவர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

பொய் சொல்லாதவர்கள் என்று பெயர் எடுத்த சிலரை நான் பிறகு சந்தித்திருக்கிறேன். அவர்களில் அநேகம் பேருக்கு அதில் ஒரு பெருமை இருக்கும். அக்காவிடம் அது இல்லை. கேள்வி வந்தால் பதில் வரும், அவ்வளவுதான்.

எனக்கே ஒரு தடவை அப்படி நடந்தது. தோப்பூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் என்னைப் பெண் கேட்க நினைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பு, லோஞ்சால் இறங்கிய இடத்திலேயே, இந்த ரீச்சர் எப்படியான பிள்ளை என்று அக்காவிடம் விசாரித்தார்கள். நல்ல பிள்ளை, படிப்பிக்கிறதில் கெட்டிக்காரி என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதோடு, கொஞ்சம் முன்கோபம் உண்டு, மாமியோடு ஒரு வீட்டில் இருக்க விருப்பமில்லை என்று தன்னிடம் சொன்னது என்றும் சொல்லிவிட்டார். அவர்கள் அடுத்த லோஞ்சிலேயே திரும்பிப் போனார்கள். என் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் கொதித்துப்போய் இறங்குதுறைக்குப் போய், ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டவை, சொன்னனான்," என்றார் அக்கா. "நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லையோ?"

சொன்னதுதான். நான் கன நாள் நானாவின் கடையில் தேத்தண்ணி குடித்தேன். அக்கா அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. நான் திரும்ப வந்து உட்கார்ந்த நாளில், வழக்கம்போல, இன்றைக்குச் சீனி ஈரமாகக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு கோப்பையை வைத்தார்.

இன்னொரு சம்பவம் இதைவிடக் கடினமானது. சல்லிக் கிராமத்திலிருந்து கடலுக்குப் போன ஒரு படகு வாடைக்காற்றில் திரும்பி வரவில்லை. அதில் போனவர்களில் ஒருவனுடைய மனைவி, சின்னப் பெண், வயிற்றில் பிள்ளையோடு இறங்குதுறைக்கு வந்து ஒவ்வொரு லோஞ்சாக விசாரித்துக்கொண்டு நின்றாள். குடாவுக்குள் ஏதாவது படகு மிதந்ததைக் கண்டீர்களா என்று கேட்பாள். லோஞ்சுக்காரர் எல்லோரும், வருவான் தங்கச்சி, எங்கேயாவது கரை ஒதுங்கியிருப்பான் என்றே சொன்னார்கள். பல நாட்கள் அப்படியே போயின. அவள் ஒழுங்காகச் சாப்பிடாமல் நின்றாள். கடைசியில் அவள் அக்காவிடம் வந்து, அவர் வருவார்தானே என்று கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இனி வரமாட்டார், பிள்ளை," என்றார் அக்கா. "இருந்து சாப்பிடு."

அந்தப் பெண் நிலத்தில் உட்கார்ந்து அலறிய சத்தம் துறை முழுக்கக் கேட்டது. அவளுடைய தாய் அக்காவின் முகத்துக்கு நேரே மண் அள்ளித் தூற்றினாள். நானா கடையை விட்டு வந்து, நாக்கை அடக்க மாட்டாயா என்று ஏசினார். அக்கா மண்ணைத் தட்டிவிட்டுச் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தார். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பெண் கருவாடு விற்கப் பட்டினத்துக்கு வரும்போதெல்லாம் அக்காவிடம் வந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

தன்னைப் பற்றி அக்கா தானாக எதுவும் சொல்லமாட்டார். கேட்டால் சொல்லுவார். ஆனால் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் ஒரு வெள்ளிக்கிழமை மழைக்கு ஒதுங்கி நின்ற என்னிடம், இங்கிலீசில் ஒரு பெத்திசம், ஒரு மனு, எழுதித் தர முடியுமா என்று அவர் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாருக்கு, என்ன விஷயம் என்றேன்.

"எனக்கொரு தம்பி இருக்கிறான், ரீச்சர்," என்றார்.

தகப்பன் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் வேலை. சுதந்திரம் கிடைத்த காலத்தில் ஒரு நாள் மேலிருந்து விழுந்த சுமைக்குக் கீழே அகப்பட்டு இறந்துபோனார். தாய்க்குச் சயரோகம். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் இரண்டு பிள்ளைகளையும் பட்டினத்தில் இருந்த ஒரு சிறுவர் இல்லத்தில் விட்டாள். சுகமானதும் வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று சொன்னவள் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். அக்காவுக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு இரண்டு ஆகவில்லை.

கொஞ்ச நாளில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி வந்து தம்பியைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அவனைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பிற்காலத்தில் உரிமை கேட்டு யாரும் வரக்கூடாது, அப்படியான பிள்ளைதான் வேண்டும் என்றார்கள். இல்லத்தை நடத்திய மேற்றன் அக்காவைக் கூப்பிட்டு, இவன் ஆரென்று தெரியாது, வாசலில் கிடந்தவன் என்று சொல்லச் சொன்னாள். அரசாங்கக் கச்சேரியிலிருந்து விசாரிக்க ஒரு உத்தியோகத்தர் வந்தபோது அக்கா அப்படியே சொன்னார். அந்தப் பிள்ளை அக்கா, அக்கா என்று கூப்பிடுகிறானே என்று உத்தியோகத்தர் கேட்டாராம். இங்கே எல்லாப் பிள்ளைகளும் பெரிய பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடும் என்று மேற்றன் பதில் சொன்னாளாம்.

அந்த மேற்றன் இறந்து, இல்லமும் மூடப்பட்டு எத்தனையோ வருஷம். தத்துக் கொடுத்த பதிவுகள் அரசாங்கத்திடம் இருக்கும், அதைப் பார்த்தால் தம்பி யார் வீட்டுக்குப் போனான் என்று தெரியும் என்று யாரோ பயணி ஒருவர் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு இப்போது இருபத்தொன்று தாண்டிவிட்டது, இனி அவன் பெரிய ஆள், மறைக்கத் தேவையில்லை என்பது அக்காவின் எண்ணம்.

நான் எழுதினேன். மறுமொழி நீண்ட காலம் கழித்துச் சிங்களத்தில் வந்தது. எங்கள் இருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. துறைமுக வாசலில் காவல் நின்ற ஒரு சிங்களவர் காலையில் அக்காவிடம்தான் தேத்தண்ணி குடிப்பார். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். தத்துப் பதிவுகள் பூட்டி வைக்கப்பட்டவை, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாருக்கும் காட்டமாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு அவர் கடதாசியை மடித்து, ஏதோ தானே அந்தப் பதிலை எழுதினவர் போல, வருத்தத்தோடு அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா கோட்டுக்குப் போனார். வழக்கு எடுத்த வக்கீல் ஒரு கிழட்டுப் பிரக்கிராசி. வாய் நிறைய வெற்றிலை, மனம் நல்ல மனம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அதற்கு மேலே ஒரு சொல்லும் வேண்டாம் என்று அவர் அக்காவுக்குப் படித்துப் படித்துச் சொன்னார். தத்தெடுத்தவர்களுக்கும் அறிவித்தல் போனது. அவர்கள் வரவில்லை. அவர்களுக்காக வந்த சட்டத்தரணி, அவர்களுடைய பெயரைக்கூட எங்களுக்குத் தெரியப்படுத்தாமல், ஆட்சேபம் என்று மட்டும் சொன்னார்.

விசாரணை நீதிபதியின் அறைக்குள் நடந்தது. பெத்திசம் எழுதியவள் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். இல்லத்தின் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடி எடுத்த கோப்பு மேசையில் இருந்தது. நீதிபதி பொறுமையான மனிதர். அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பிள்ளை இல்லத்து வாசலில் கண்டெடுக்கப்பட்டது, தாய் தகப்பன் தெரியாது, உறவினர் ஒருவருமில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். அங்கே இருந்த பெரிய பிள்ளை ஒன்றும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது என்றார்.

"அந்தப் பெரிய பிள்ளை நான்தான், ஐயா," என்றார் அக்கா. "அது பொய்."

பிரக்கிராசி கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப சொன்னது பொய், இப்ப சொல்லுறது உண்மை எண்டு நான் என்னெண்டு நம்பிறது?" என்று நீதிபதி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலத்தான் கேட்டார்.

அக்கா யோசித்தார். "அது எனக்கும் தெரியேல்லை, ஐயா," என்றார்.

அக்காவுக்கு ஒரு தம்பி பிறந்தது உண்மையாயிருக்கலாம், ஆனால் அவன்தான் இந்தப் பிள்ளை என்று காட்ட இந்தக் கோப்பில் ஒன்றுமில்லை என்று நீதிபதி விளக்கினார். விண்ணப்பம் தள்ளப்பட்டது. வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். கோட்டு வளவுக்குள் மான் ஒன்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றது. பிரக்கிராசி, அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் வேறு ஏதாவது செய்திருக்கலாம் என்று முணுமுணுத்தார். அக்கா அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நான் சொன்னதைத்தான் எழுதி வைச்சிருக்கினம், ரீச்சர். அவையில பிழையில்லை," என்றார்.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அக்கா அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் கச்சான் காற்று அடிக்கிற காலம். வெள்ளிக்கிழமை பின்னேரம் லோஞ்சால் இறங்கி வந்தபோது அக்காவின் வாங்கில் ஒரு இளைஞன் இருந்தான். வெள்ளைச் சேட்டு, நன்றாக வாரிய தலை. முன்னால் வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. அவன் கையை மேசையில் நீட்டி வைத்திருந்த விதத்தைப் பார்த்ததுமே நான் நின்றுவிட்டேன். அக்காவின் கைகள் அவை. நான் போய்விடப் பார்த்தேன். அக்கா என்னை இருக்கச் சொன்னார்.

அவன் மட்டக்களப்பில் வளர்ந்தவன். இப்போது வேலை கிடைத்து இங்கே துறைமுகக் கந்தோருக்கு வந்திருக்கிறான். கோட்டு அறிவித்தல் வீட்டுக்குப் போன நாள் வரைக்கும் தான் தத்துப் பிள்ளை என்பதே அவனுக்குத் தெரியாது. தாய் தகப்பன் ஒளித்து வைத்திருந்த, அக்காவின் விலாசம் போட்ட அந்தக் கடதாசி எப்படியோ அவன் கையில் கிடைத்துவிட்டது. வீட்டில் அழுகையும் சண்டையும். பிறகு அவனே கோட்டுக்கு விண்ணப்பித்தான். தன்னுடைய கோப்பு என்பதால் அவனுக்குக் காட்டினார்கள். இவ்வளவையும் அவன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அதில எனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு எழுதியிருக்கு," என்றான். "ஒரு பெரிய பிள்ளை சொன்னதாம். அது நீங்களோ?"

"ஓம்."

"நீங்கள் என்ர சகோதரியோ?"

"ஓம்."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

நான் என் மனதுக்குள் அக்காவுக்காகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளை, அநாதை, பெரியவர்கள் சொல்லச் சொன்னார்கள், அவன் நல்ல வீட்டில் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதில் பெரும்பகுதி உண்மையாகவும் இருந்திருக்கும் என்று நம்பினேன்.

"மேற்றன் சொல்லச் சொன்னவ," என்றார் அக்கா.

அவனுடைய தோள்கள் இறங்கின. முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நான் அக்காவின் கையைத் தொடக்கூடத் தொட்டேன்.

"ஆனா அவ என்னை வெருட்டேல்லை," என்றார் அக்கா. "விருப்பமில்லையெண்டாச் சொல்லாதை, அவை வேற பிள்ளை பாப்பினம் எண்டுதான் சொன்னவ. நான் விரும்பித்தான் சொன்னனான்."

"ஏன்?"

"அம்மா போன பிறகு நீ என்ர இடுப்பை விட்டு இறங்கமாட்டாய். இரவு இரவா அழுவாய். மற்றப் பிள்ளையள் விளையாடுவினம், நான் உன்னைத் தூக்கிக்கொண்டு நிப்பன். எனக்குக் களைச்சுப் போச்சு. நீ போனாக் காணும் எண்டு இருந்தது."

நானாவின் கடை வானொலியில் ஏதோ செய்தி போய்க்கொண்டிருந்தது. அவன் கோப்பையை ஒரு பக்கமாக நகர்த்தினான். பிறகு, கேட்கவே விரும்பாத குரலில் கேட்டான்.

"கூட்டிக்கொண்டு போகேக்குள்ள நான் அழுதனானோ?"

"ஓம். என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு விடமாட்டன் எண்டனீ. நான்தான் உன்ர விரலைக் கழட்டி விட்டனான்."

"பிறகு?"

"பிறகு நான் நித்திரை கொண்டனான். அண்டைக்கு இரவு நல்ல நித்திரை. அடுத்த நாள் விடிய எழும்பி உன்னைத் தேடினனான். அண்டையிலயிருந்து தேடுறன்."

அவன் எழும்பினான். வாங்கில் தட்டுப்பட்டுத் தேத்தண்ணி கொஞ்சம் சிந்தியது. அதை அக்கா துடைத்தார். ஏதாவது சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டிவிட்டு, வெயிலுக்குள் இறங்கி, கந்தோர்ப் பக்கமாக நடந்து போனான். அந்தத் துறையில் சிறியவர், பெரியவர் எல்லோரும் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். கூப்பிடாமல் போனவன் அவன் ஒருவன்தான்.

எனக்கு ஆத்திரம் தாங்க முடியவில்லை. முதல் சொன்னது போதாதா, மேற்றன் சொல்லச் சொன்னாள் என்பதும் உண்மைதானே, இத்தனை வருஷம் தேடிப் பிடித்த தம்பியை வாயாலேயே துரத்திவிட்டீர்களே என்று ஏசினேன். அக்கா துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார்.

"அதைச் சொல்லத்தானே ரீச்சர் நான் அவனைத் தேடினது," என்றார். "என்னை அக்கா எண்டு கூப்பிட ஆளில்லாமலோ தேடினனான்? அவனை வேண்டாமெண்டு விட்டது ஆரெண்டு அவன் தெரிஞ்சிருக்க வேணும். தாய் தகப்பன் விட்டதெண்டு நினைச்சுக்கொண்டு திரியக்கூடாது. அவை விடேல்லை. நான்தான்."

அன்றைக்குத்தான் அவருடைய பழக்கத்தின் மற்றப் பக்கம் எனக்குத் தெரிந்தது. நேற்றைய வடையையும் புளித்த பாலையும் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும், பத்து வயதில் சொன்ன ஒரு பொய்யோடு அவர் தனியாகத்தான் இருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் தீர்வதற்கு அது போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பொடியன் தலையை ஆட்டிவிட்டுப் போன விதம் இன்றைக்கும் என்னை வருத்தும். யாருக்காக அந்த உண்மை சொல்லப்பட்டது, அவனுக்காகவா, அக்காவுக்காகவா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

அவன் பிறகு வரவில்லை. துறைமுகக் கந்தோரிலிருந்து இறங்குதுறைக்கு நடக்கிற தூரம்தான். மூதூர்ப் பக்கம் வேலையாகப் போகும் நாட்களில் அவன் நேரே லோஞ்சுக்குள் ஏறிவிடுவான் என்று நானா சொன்னார். அக்கா அவன் ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பார். கூப்பிடமாட்டார். எனக்கு இடமாற்றம் வந்து நான் போன பிறகு ஒரு தடவை தேடிப் போனபோது அக்காவின் கடை இருந்த இடம் வெறும் நிலமாகக் கிடந்தது. காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்றும், சல்லியிலிருந்து கருவாட்டுக்காரப் பெண் வந்து கடைசிவரை பார்த்தாள் என்றும் நானா சொன்னார். தம்பிக்குத் தான் ஆள் அனுப்பியதாகவும், அவன் வரவில்லையென்றும் சொன்னார்.

ஆனால் அக்காவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அதுவல்ல. மாற்றம் வருவதற்கு முந்திய வருஷம் எங்கள் பாடசாலையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு ரீச்சருக்குக் கலியாணம். பட்டினத்துப் பிள்ளை. அழைப்பிதழில் மாப்பிள்ளை துறைமுகக் கந்தோர் என்று இருந்ததைப் பார்த்து விசாரித்தேன். அவன்தான். போகாமல் விடலாம் என்று நினைத்தேன். ஆனால் உடன் வேலை செய்கிறவள், போகாமல் விட ஏலாது. கோயிலுக்குப் போய், விருந்திலும் இருந்து, கை கொடுத்துவிட்டு வந்தேன். அவன் என்னை அடையாளம் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை இறங்குதுறைக்குப் போனபோது அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. துறையில் எதுவும் மறையாது. நானாவின் கடைக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அக்கா எனக்கு இடம் துடைத்து வைத்திருந்தார். தேத்தண்ணியை வைத்துவிட்டு முன்னால் நின்று கேட்கத் தொடங்கினார். அவன் என்ன உடுத்திருந்தான், பொம்பிளை எப்படி, கோயிலில் சனம் கூடவா, மட்டக்களப்பிலிருந்து தாய் வந்தவவா. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தாய் வந்திருந்தா, தகப்பன் இப்போது இல்லை, அவன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் வந்தான் என்று சொன்னேன். அக்கா தலையாட்டினார்.

"என்னைப் பற்றி ஏதும் கதைச்சவனோ?"

அந்தக் கேள்வி வரும் என்று கலியாண வீட்டிலிருந்து திரும்பிய நேரத்திலிருந்து எனக்குத் தெரியும். சொல்வதற்குப் பொய்களும் தயாராக இருந்தன. விசாரித்தார், சுகமாக இருக்கிறாவோ என்று கேட்டார் என்று சொல்லலாம். சின்னப் பொய். யாருக்கும் கெடுதியில்லை. அக்கா என் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை, அக்கா," என்றேன்.

அவருடைய முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கடல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு திரும்பவும் என்னிடம் கேட்டார்.

"சந்தோஷமா இருந்தவனோ?"

"ஓம், அக்கா. நல்லாச் சந்தோஷமா இருந்தவர். சிரிச்சுக்கொண்டே இருந்தவர்."

அக்கா என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் என்னை நம்பியதை நான் கண்டேன். முதல் கேள்விக்கு வேறு பதில் சொல்லியிருந்தால் இதை அவர் நம்பியிருக்கமாட்டார். அவர் வாங்கின் மற்ற முனையில் உட்கார்ந்தார். கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் கண்டது அந்த ஒரு நாள்தான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், உடம்பு குலுங்க அழுதார். தேத்தண்ணி கேட்டு வந்த இரண்டு பேர் நிலைமையைப் பார்த்துவிட்டு நானாவின் கடைக்குப் போனார்கள். லோஞ்சுக்குக் கூப்பிட்டார்கள். நான் ஏறவில்லை. அன்றைக்கு அவர் பக்கத்திலேயே இருந்தேன்.